வெப்பத்தின் விதியும் மனிதரின் விதியும்

‘விதி’ என்னும் சொல்லைத் தமிழ் மூன்று வேலைகளுக்கு ஏவுகின்றது. இலக்கணகாரர் புணர்ச்சிக்கு வகுப்பதும் விதி. பௌதிகவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதும் விதி. மழை பொய்த்து வெங்காயப் பயிர் கருகியபோது கமக்காரன் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சொல்வதும் விதி. முதலாவது மனிதர் தமக்குள் கண்ட வழக்கு. இரண்டாவது இயற்கையில் கண்டறிந்த ஒழுங்கு. மூன்றாவது எதிர்த்துக் கேட்க வழியில்லாத தலையெழுத்து. ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் மூன்று சொற்கள் உள்ளன. நமக்கு ஒன்றே போதுமாயிற்று. இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. ஒரு பொருளில் ஒப்புக்கொண்ட சொல் மற்றொரு பொருளில் நம்மைக் கட்டிப்போடுவதை நாம் பல வேளைகளில் உணர்வதேயில்லை.

தமிழ் கற்பிப்பவனுக்கு வெப்பவியக்கவியலில் என்ன வேலை என்று கேட்பார் உளர். காரணம் இதுதான். சென்ற ஆண்டு எமது பாடசாலை மாணவர் மன்றத்தில் ‘சமத்துவம் சாத்தியமா?’ என்றொரு விவாதம் நடைபெற்றது. உயர்தர விஞ்ஞானப் பிரிவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியைத் துணைக்கு அழைத்தான். சூடான இடமும் குளிர்ந்த இடமும் இருந்தாலன்றி எந்தப் பொறியும் வேலை செய்யாது. இரண்டும் ஒரே வெப்பநிலையை அடைந்துவிட்டால் இயக்கம் நின்றுபோகும். அவ்வாறே செல்வரும் வறியரும் இருந்தாலன்றிச் சமுதாயம் இயங்காது. சமத்துவம் என்பது மரணம் என்றான். மண்டபத்தில் பலத்த கரகோஷம். எதிரணியினர் அன்பு, அறம், மனிதநேயம் என்று பேசினரேயன்றி அந்த வாதத்தை எவரும் தொடவில்லை. விஞ்ஞானம் சொல்லிவிட்டது, இனி நாம் என்ன சொல்வது என்று வாளாவிருந்துவிட்டனர். இவ்வாதம் ஒரு மாணவனின் குறும்பு மட்டுமன்று. பெரிய பெரிய மேடைகளில் பொருளியல் மேதைகள் எனப்படுவோரும் இதையே வேறு சொற்களிற் சொல்லி வருகின்றனர். ஆதலின் இதை ஆராய்வது நம் கடன்.

முதலாம் விதியோடு நமக்கு வழக்கில்லை. சக்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை, உருமாறுகின்றது, அவ்வளவே. அதன் பிறப்பு மட்டும் ஒரு வார்த்தை சொல்லத் தக்கது. 1840 இல் டச்சுக் கப்பலொன்றில் வைத்தியராக ஜாவாவுக்குச் சென்ற ரொபேட் மேயர் என்னும் ஜெர்மானியர், நோயுற்ற கப்பலோட்டிகளின் நாளத்தைக் கீறியபோது, குருதி எதிர்பார்த்ததற்கு மாறாகச் செக்கச்செவேலென்று வருவதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடல் தன்னைச் சூடாக வைத்திருப்பதற்குக் குறைவாகவே எரிகின்றது என ஊகித்து, அவ்வூகத்தின் வழியே உணவு, உழைப்பு, வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் அடங்குவன என்ற முடிவுக்கு அவர் வந்தார். அக்கட்டுரை 1842 இல் வெளியாயிற்று. மதுவடிசாலை உரிமையாளர் மகனான ஜூல், விழும் எடைகளால் நீரைக் கலக்கி அதன் வெப்பநிலை உயர்வை அளந்து, அதே கணக்குக்கு எண் கொடுத்தார்.

இரண்டாம் விதி வேறு வகையானது. அதன் மூலம் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியியற் படையதிகாரியின் சிறு நூல். 1824 இல், தமது இருபத்தெட்டாம் வயதில், அவர் அதை வெளியிட்டார். எட்டாண்டுகளின் பின் வாந்திபேதி அவரைக் கொண்டுசென்றது. அவர் எழுப்பிய வினா எளிது: ஒரு நீராவிப் பொறியிலிருந்து பெறக்கூடிய வேலைக்கு எல்லை உண்டா? நியூகொமனின் பழைய பொறியில் ஒரே உருளை மாறி மாறிச் சூடாக்கப்பட்டும் குளிர்விக்கப்பட்டும் வந்தது. கரி வீணாக எரிந்தது. ஜேம்ஸ் வாட் 1769 இல் உரிமைப்பத்திரம் பெற்ற தனி ஒடுக்கி அந்த வீணைப் பெரிதுங் குறைத்தது. இப்படியே திருத்திக்கொண்டு போனால் ஒருநாள் வீணே இல்லாத பொறி கிடைக்குமா? கிடைக்காது என்றார் கார்னோ. உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுவது போல, வெப்பம் உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கும்போதே வேலை பிறக்கின்றது. எவ்வளவு வேலை என்பதன் எல்லையை நிருணயிப்பவை அவ்விரு வெப்பநிலைகளே. வெப்பம் ஒரு பாய்பொருள் என்ற பிழையான கொள்கையை வைத்துக்கொண்டே அவர் இந்தச் சரியான முடிவை எட்டினார் என்பது விஞ்ஞான வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

மாணவர் செய்து பார்க்கத்தக்க கணக்கு ஒன்று தருகின்றேன். கொதிகலத்து நீராவி 500 பாகை செல்சியஸ், ஒடுக்கியின் நீர் 30 பாகை எனக் கொள்வோம். தனி வெப்பநிலையில் இவை 773, 303. பின்னதை முன்னதால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் ஏறத்தாழ 0.61. அதாவது, உராய்வோ கசிவோ சிறிதுமற்ற, உலகில் எங்கும் இல்லாத உத்தமப் பொறிகூடத் தான் பெற்ற வெப்பத்தில் நூற்றுக்கு 61 பங்கையே வேலையாக்கும். மீதி 39 பங்கைக் குளிர்ந்த இடத்தில் கொட்டியே ஆகவேண்டும். மெய்யான நிலையங்கள் கொட்டுவது இதனினும் மிகுதி.

இக்கருத்தைக் கிளோசியசும் கெல்வினும் 1850 ஐ அடுத்த ஆண்டுகளில் விதியாக வடித்தனர். அவர்களுடைய வாக்கியங்களின் இலக்கணத்தை நோக்குங்கள். குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகச் செல்லாது என்றார் ஒருவர். ஒரே தேக்கத்திலிருந்து வெப்பத்தை எடுத்து முழுவதையும் வேலையாக்கி, வேறெந்த மாற்றமும் நிகழாதிருக்கச் செய்யும் சக்கரப் பொறி இயலாது என்றார் மற்றவர். இரண்டும் எதிர்மறை வாக்கியங்கள். நம் மரபில் ‘விதி’ என்பதோடு ‘விலக்கு’ என்றும் ஒன்று உண்டு. இன்னது செய்க என்பது விதி. இன்னது ஆகாது என்பது விலக்கு. அந்த வகையில் இரண்டாம் விதி விதியே அன்று, விலக்கு. அது எதையும் செய்யும்படி எவரையும் ஏவவில்லை. இயலாதது ஒன்றைச் சுட்டிவிட்டு வாய்மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்துக்குள் தத்தம் குரலை வைத்துப் பேசுபவர்கள் மனிதர்களே.

இனி நம் மாணவனின் வாதத்துக்கு வருவோம். பொறிக்கு வெப்பநிலை வேறுபாடு தேவை என்பது உண்மை. ஆயின் அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இயற்கை அதைப் பொறிக்குள் வைக்கவில்லை. ஒருவன் நின்று கரியை அள்ளிப் போடுகிறான். இன்னொருவன் நீரைப் பாய்ச்சுகிறான். அவர்கள் ஓய்ந்தால் கொதிகலம் ஆறும், ஒடுக்கி வெம்மையுறும், இரண்டும் சமநிலைக்கு வந்துசேரும். அதாவது, இரண்டாம் விதி எடுத்துரைக்கும் இயற்கைப் போக்கு வேறுபாட்டை நோக்கியதன்று, சமநிலையை நோக்கியது. வேறுபாட்டைக் காப்பாற்றுவதற்கே இடையறாத செலவு வேண்டும். பௌதிகத்தைச் சமுதாயத்துக்கு உவமையாக்குவதானால், ஏற்றத்தாழ்வு செயற்கையானது, காவலும் செலவுமின்றி நில்லாதது, விட்டுவிட்டால் தானே கரைந்துபோவது என்றல்லவா முடிவு வரும்!

இதைக் கேட்டு முற்போக்கு நண்பர்கள் மகிழ்ந்துவிடலாகாது. இந்த வாதமும் அந்த வாதத்தைப் போலவே பொய். ஒரே விதியிலிருந்து முதலாளித்துவமும் பொதுவுடைமையும் ஒருங்கே ‘நிரூபணமாகின்றன’ என்றால், அவ்விதி இரண்டையும் நிரூபிக்கவில்லை என்பதே பொருள். மூலக்கூறுகளுக்குப் பசியில்லை, அவை ஒன்றையொன்று சுரண்டுவதுமில்லை, வேலைநிறுத்தம் செய்வதுமில்லை.

நம் அணியினருக்கும் இவ்வெச்சரிக்கை தேவை என்பதற்கு வரலாறு உண்டு. உக்ரேனியரான பொதோலின்ஸ்கி, மனித உழைப்பைச் சக்திக் கணக்கில் அளந்து சோஷலிசத்துக்கு அடிப்படை அமைக்க முயன்றார். 1882 டிசம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதங்களில் ஏங்கெல்ஸ் அம்முயற்சியைப் பற்றிக் கருத்துரைத்தார். அதில் மதிப்புள்ள கண்டுபிடிப்பு உண்டென ஒப்பிய அவர், பொருளாதார உறவுகளைப் பௌதிக அளவைகளாற் கூற முடியாது என்று மறுத்தார். அது சரியான மறுப்பு. ஆனால் அதே ஏங்கெல்ஸ், பிரபஞ்சம் ஒருநாள் வெப்பச் சமநிலையுற்று ஓய்ந்துவிடும் என்ற கருத்தைச் சகிக்கவில்லை. விண்வெளியிற் சிதறிய வெப்பம் எவ்வாறேனும் மீண்டும் இயக்கமாக மாறியே தீரவேண்டும் என, பின்னர் 1925 இல் அச்சேறிய ‘இயற்கையின் இயக்கவியல்’ குறிப்புகளில் வாதாடினார். ஒரு விதி நம் நம்பிக்கைக்கு இதமாக இல்லை என்பதற்காக அதனோடு பிணங்குவது, இதமாக இருப்பதால் அதைக் கும்பிடுவதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. கோடானுகோடி ஆண்டுகளுக்கு அப்பால் நிகழக்கூடியது இம்மாதக் கூலியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மறுபுறத்தில் ஒஸ்வால்ட் இருக்கிறார். 1909 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். சக்தியை வீணாக்காதே என்பதையே மனிதகுலத்தின் தலையாய அறமாகப் பிரசாரஞ் செய்தவர். போரைப் பெரும் வீண்செலவு என்று கண்டித்தவர். 1914 இல் ஜெர்மனியின் போரை ஆதரித்து அறிஞர் 93 பேர் விடுத்த அறிக்கையில் அவருடைய கையொப்பமும் இருந்தது. வெப்பமானியை வைத்து அறம் அளந்தவருக்கு நேர்ந்தது இது.

அப்படியாயின் வெப்பவியக்கவியலுக்கும் அறத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது உவமையில் இல்லை, உண்மையில் இருக்கிறது. வெள்ளைப் பச்சையரிசியையும் சிவப்புப் பச்சையரிசியையும் ஒரு போத்தலில் இட்டுக் குலுக்குங்கள், கலந்துவிடும். எவ்வளவு குலுக்கினாலும் மீண்டும் பிரியாது. கலந்து கிடக்கும் வகைகள் எண்ணற்றவை, பிரிந்து நிற்கும் வகைகள் மிகச் சில என்பதே காரணம். போல்ட்ஸ்மன் எந்திரப்பிக்குக் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது. பிரிக்க வேண்டுமானால் ஒருத்தி உட்கார்ந்து பொறுக்கவேண்டும். அவள் உண்ணவேண்டும், அவள் உடல் வெப்பத்தை வெளியே விடும். ஓரிடத்தில் ஒழுங்கு கூடினால் வேறோரிடத்தில் ஒழுங்கின்மை அதைவிடக் கூடும். உயிர்கள் அனைத்தும் இவ்வாறே தம்மைக் காத்துக்கொள்கின்றன என்று 1944 இல் ஷ்ரோடிங்கர் ‘உயிர் என்றால் என்ன?’ என்னும் நூலில் விளக்கினார். ஆக, எந்த ஒழுங்குக்கும் வேறெங்கோ ஒரு விலை உண்டு. அதை விதி தீர்மானித்துவிட்டது. அந்த ‘வேறெங்கோ’ யாருடைய முற்றம் என்பதை அது தீர்மானிக்கவில்லை.

நம் ஊர்களையே எடுத்துக்கொள்வோம். வீட்டின் அழுக்கு வீட்டைவிட்டு எங்கேனும் போகவேண்டும், அது இயற்கை. வாளி மலகூடங்கள் இருந்த காலத்தில் அதைத் தலைமேற் சுமந்துபோக ஒரு சாதியாரே இருக்கவேண்டும் என்றும், சுமந்த பின் அவர்களே அசுத்தர் என்றும் வைத்தது எந்தப் பௌதிகம்? ஆசாரம் என்றும் தூய்மை என்றும் பெருமை பேசிய முற்றங்களின் ஒழுங்கு, ஒழுங்கையின் மறுகோடியில் வாழ்ந்தோர் தலையிற் கொட்டப்பட்டதால் வந்தது. அதையும் அக்காலத்தார் விதி என்றே சொன்னார்கள். எந்த விதி என்று கேட்பார் அன்று வெகு சிலரே.

இன்றும் இக்குழப்பம் புதிய உடையில் உலவுகின்றது. ‘அபிவிருத்தி வேண்டுமானால் சிலர் இழக்கத்தான் வேண்டும்’ என்பது அதன் வாசகம். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 இலிருந்து 2014 இற்குள் 300 மெகாவாட் பொறிகள் மூன்றோடு நிறைவுபெற்றது. வினைத்திறன் நூற்றுக்கு 38 எனக் கொண்டால், அத்தகைய பொறி ஒவ்வொன்றும் முழுவேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 490 மெகாவாட் வெப்பத்தைக் கடலுக்கும் காற்றுக்கும் விட்டாகவேண்டும். அதில் ஒரு பகுதி கார்னோவின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதோடு வாதாட இயலாது. ஆனால் அயலூர்ப் பயிர்களிலும் கூரைகளிலும் படிகின்றது என மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்த கரித்தூசியும் சாம்பலும் இரண்டாம் விதியின் கட்டளையா? கரிக்குவியலை மூடிவைப்பதையும் சாம்பலைப் பொறியிட்டுப் பிடிப்பதையும் எந்த விதியும் விலக்கவில்லை. அவற்றுக்குப் பணம் செலவாகும், அவ்வளவே.

விட்டாகவேண்டிய வெப்பத்திற்கூட மனித ஏற்பாட்டுக்கு இடமுண்டு. டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் பொதுக் குழாய்களில் வரும் வெந்நீராற் சூடாக்கப்படுகின்றன. அதிற் கணிசமான பங்கு, மின்நிலையங்கள் வேறிடங்களில் ஆற்றிலும் கடலிலும் கொட்டிவிடும் அதே வெப்பம். ‘கழிவு’ என்ற சொல்கூட முழுவதும் பௌதிகச் சொல்லன்று.

சுன்னாகத்தை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கிய மழைநீரே குடிநீர். ஓரிடத்தில் விழுந்தது அடுத்த ஊர்க் கிணற்றில் எழும். மின்நிலையத்திலிருந்து வெளியேறிய எண்ணெய்க் கழிவு அந்த நீரிற் கலந்தது. வீட்டுக் கிணறு இருக்கத் தாங்கியிலிருந்து வாளியில் நீர் மொண்டு செல்லும் நிலை பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம், நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. டீசல் பொறி தன் வெப்பத்தின் பெரும் பகுதியைப் புகையாகவும் சுடுநீராகவும் விட்டே தீரும். அது கார்னோவின் கணக்கு. எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியது அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை.

எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் ஒரு யோசனை சொன்னேன். பொறியின் வினைத்திறனைக் காணச் சொல்லும் ஒவ்வொரு வினாவின் முடிவிலும், வெளியேறும் வெப்பம் எங்கே செல்கிறது, அதோடு வெளியேறத் தேவையில்லாதது எது, அவ்விடத்தில் வாழ்வோர் யாவர் என்று இன்னொரு பகுதியைச் சேர்க்கலாமே என்றேன். அவர் வகுப்புப் பரீட்சையிற் சேர்க்கச் சம்மதித்தார். பொதுப் பரீட்சைக்கு மட்டும் பயன்படாது, அதற்கான புள்ளித்திட்டத்தில் இதற்கு நிரல் கிடையாது என்றார்.