தானமா, தட்சிணையா?

ஆப்பிரிக்க வனங்களைக் காணச் செல்வோர்க்குப் பயண நிறுவனங்கள் தரும் குறிப்புகளில், மலேரியா மாத்திரைக்கும் பைனாகுலருக்கும் அடுத்தபடியாக, வழிகாட்டிக்கு ஒவ்வொரு பயணியும் நாளொன்றுக்கு 10 டாலர் முதல் 20 டாலர் வரை இனாம் தருவது வழக்கம் என்ற வரி பெரும்பாலும் இடம்பெறுகிறது. தொகையைப் பற்றிய ஐயம் அத்துடன் தீரலாம். ஆனால் அந்தப் பணம் கூலியா, தர்மமா, கைம்மாறா என்னும் வினா தீராதவரை, கொடுப்பவரிடமும் பெறுபவரிடமும் ஒரு கூச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

செரங்கெட்டியின் விடியற்காலையில் வழிகாட்டி என்ன செய்கிறார் என்று பாருங்கள். புழுதியில் பதிந்த அடிச்சுவட்டைக் கண்டு வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார். பின்பு என்ஜினையே அணைத்துவிட்டு, இம்பாலா மான்கள் எழுப்பும் எச்சரிக்கைக் குரலுக்குச் செவிகொடுத்து, அவையெல்லாம் ஒரே திசையை நோக்கி நிற்பதையும் கவனித்த பிறகே, வேலமரக் கிளையில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் சிறுத்தையைச் சுட்டிக்காட்டுகிறார். இந்த வித்தை கைவரப் பல வருஷங்கள் சென்றிருக்கும்; அதற்குரிய விலை விடுதிக் கட்டணத்திலேயே அடங்கிவிட்டதென்று எண்ண மனச்சாட்சி எளிதில் இடங்கொடாது.

பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரித்து, நமக்கு உபகாரம் ஒன்றும் செய்யாதவனுக்கு, உரிய இடத்திலும் காலத்திலும், கடமையெனக் கருதிக் கொடுப்பதையே சாத்விகம் என்கிறது. வள்ளுவரும் ஈகை அதிகாரத்தின் முகப்பிலேயே, ஏழைக்குக் கொடுப்பதைத் தவிர மற்றவற்றையெல்லாம் பயன் கருதியவையாக ஒதுக்கிவிடுகிறார். நாள் முழுதும் நமக்காக உழைத்தவருக்குக் கொடுப்பதை இவ்விரு அளவுகோல்களாலும் தானமென்று சொல்ல வழியில்லை. அதைத் தானமாகப் பாவிக்கும் பயணியிடம், தான் மேலானவன் என்ற நினைவு தன்னையறியாமலே புகுந்துவிடுகிறது. நோட்டைச் சுருட்டி, முகத்தையும் பாராமல், வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டே நீட்டுகிற கை அந்த நினைவின் வெளிப்பாடே. அவமதிப்போடு கொடுப்பதைக் கீதை தாமசம் என்று கூறுவது இதற்கு முற்றும் பொருந்தும்.

ஆகவே இதனைத் தட்சிணையாகக் கொள்வதே தகும் என்பது என் துணிபு. வேள்வியை நடத்திவைத்தவருக்கும் வித்தையைக் கற்பித்தவருக்கும் அளிக்கும் தட்சிணை பேரம் பேசிய கூலியும் அன்று, இரங்கி இடும் பிச்சையும் அன்று. அது கொடுக்கப்படாத வேள்வி நிறைவுபெறுவதில்லை. தொகை கொடுப்பவனின் சக்தியைப் பொறுத்தது. கொடுக்கவேண்டிய கடப்பாடோ அவன் விருப்பத்தைப் பொறுத்ததன்று.

தட்சிணை கருமம் முடிந்தபின் தரப்படுவது. முன்னதாகவே ஆசை காட்டுவது வேறு. பாதையைவிட்டு வண்டியை இறக்கலாகாதென்று விதியிருக்க, நல்ல இனாம் கிடைக்குமென்று குறிப்புக் காட்டி, சிவிங்கிப்புலிக்கு இன்னும் அருகில் செல்லத் தூண்டுகிற பயணி, வழிகாட்டியின் தர்மத்தையும் பிழைப்பையும் ஒருங்கே பணயம் வைக்கிறார். மாரா நதியைக் கடக்க வந்து நிற்கும் நூ மான்கள், கரையை அடைத்துக்கொண்ட வண்டிகளைக் கண்டு மிரண்டு திரும்பிவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. 1951-இல் தேசியப் பூங்காவாக அமைந்த செரங்கெட்டியிலிருந்து, அங்கே மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் 1959-இல் கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டனர். மனித வாடையற்ற பெருவெளி என்று நாம் வியக்கும் அந்த அமைதிக்கு ஒரு சமூகம் தன் மேய்ச்சல் நிலத்தையே விலையாகக் கொடுத்திருக்கிறது. முகாம்களின் வழிகாட்டிகளிலும் காவலர்களிலும் அம்மக்களைச் சேர்ந்தவர் உளர். அவர்கள் கையில் நாம் வைக்கும் பணத்தை நம் தாராளம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை.

சமையற்காரரும் துணி வெளுப்பவரும் இரவுக் காவலரும் நம் கண்ணில் அதிகம் படுவதில்லை. முகாமில் வைத்திருக்கும் பொதுப்பெட்டி அவர்களுக்கானது. கிழிந்த டாலர் நோட்டுகளையும் 2006-க்கு முன் அச்சானவற்றையும் கிழக்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் வாங்குவதில்லையாதலால், புது நோட்டுகளையே கொண்டுசெல்லுங்கள். ஆனால் தட்சிணை கொடுப்பதனால் குறைந்த சம்பளம் நியாயமாகிவிடாது. பயணத்தை ஏற்பாடு செய்யும்போதே, ஊழியர்க்கு மாதச் சம்பளம் உண்டா, பெருமழைக் காலத்தில் முகாம் மூடியிருக்கையிலும் அது கிடைக்கிறதா என்று நிறுவனத்தாரைக் கேளுங்கள். மழுப்புகிறவர்களை விட்டு, நேராக விடை சொல்லுகிறவர்களிடம் செல்லுங்கள்.