துண்டுச் சீட்டில் ஒரு பூட்டன்

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் யாரையாவது நிறுத்திக் குலதெய்வம் எதுவென்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். பூட்டன் பெயரைக் கேட்டால், "அவுக கண்டிச் சீமைக்குப் போனவுகல்ல" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

விக்டோரியா காலத்துக் கூலிக்காரரைக் காகிதத்தில் தேடுவது லேசில்லை. 1910 வரை சாத்தூர் வட்டாரம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. அங்கேதான் தேட வேண்டும். நிலமில்லாதவருக்குப் பட்டா இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பினால்தான் காகிதத்தில் ஏறுவார். 1860இல் தொடங்கிய நேட்டால் கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் உண்டு. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்ட நிர்வாகம் எழுதித் தருவது. 1921இல்தான் அது ஒழிந்தது.

அப்படியொரு சீட்டில் பூட்டன் பெயரைப் பார்த்தால் சந்தோஷப்படலாமா? படலாம். ஆனால் அது அவரை நினைவில் வைக்க எழுதியதல்ல, பிடித்து வைக்க எழுதியது. பெயரைச் சொல்லும்போது பக்கத்திலிருக்கும் தொகையையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். "எங்க பூட்டன் கடல் தாண்டுனவரு" என்பது பாதி உண்மைதான்.

இன்னொரு நியாயமும் பாக்கியிருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போகாமலே செத்தவர்களுக்கு அந்தச் சீட்டும் இல்லை. பேரன் என்றால் பெயரைத் தாங்குகிறவன். அப்படிப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களில்தான் அவர்களில் சிலராவது மிஞ்சியிருப்பார்கள். காகிதம் இல்லையென்று அவர்களை விட்டுவிட்டால், கடன்பட்டவனை மட்டுமே ஆளாக எண்ணிய அந்தக் கணக்கப்பிள்ளையின் கண்ணால்தான் நாமும் பார்க்கிறோம்.