இரு அணியும் கேட்கும் வரம்

அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாள் மார்ச் 17. வடக்கே அல்ஸ்டர் மாகாணத்துப் பள்ளிகள் கேலிக் கால்பந்தில் மோதும் மெக்ரோரி கோப்பையின் இறுதி ஆட்டம் முன்பெல்லாம் வழக்கமாக அன்றைக்குத்தான் நடந்துவந்தது. 1928 முதல் 1945 வரை ஆர்மாவின் பேராயராக இருந்த கர்தினால் ஜோசப் மெக்ரோரியின் பெயரைத் தாங்கிய கோப்பை அது. மோதும் பள்ளிகளும் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள். நியூரியில் புனித கோல்மன், ஆர்மாவில் புனித பேட்ரிக் என்று பள்ளியின் பெயரிலேயே ஒரு புனிதர் இருப்பார். குளிரிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் ஆடி வந்த பிள்ளைகள், கடைசி நாளில் ஒரே கடவுளிடம் எதிரெதிரான வரங்களைக் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பது தகுமா?

இருவருக்கும் கொடுக்க முடியாததைக் கேட்பது அபத்தம் என்று சிலர் சட்டென்று முடித்துவிடுவார்கள். அது பலவீனமான வாதம். ஒரே சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் இரண்டு நோயாளிகளின் மன்றாட்டும் அப்படிப்பட்டதுதான். அதை யாரும் அபத்தம் என்பதில்லை. ஜெபம் கடவுளின் சித்தத்தை மாற்றுவதற்கல்ல, ஜெபத்தின் வழியே கிடைக்க வேண்டுமென்று அவர் வகுத்ததைப் பெறுவதற்கே என்றார் தாமஸ் அக்வினாஸ். அந்தக் கணக்கில், தோற்றவனின் ஜெபம் கேட்கப்படவில்லை என்பதில் முரண் எதுவும் இல்லை. சிக்கல் வெற்றி என்ற பொருளின் இயல்பில் இருக்கிறது. உடல்நலம் வரமாகக் கிடைத்தாலும் உடல்நலமே, மழையும் அப்படித்தான். வெற்றி அப்படியல்ல, உழைத்துச் சம்பாதித்தால்தான் அது வெற்றி. கேலிக் கால்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுகளுக்கு மேல் ஓடக்கூடாது. தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அல்லது கால்விரலால் மேலே தட்டிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். முழு வேகத்தில், எதிராளி தோளோடு தோள் இடிக்கும்போது அதைச் செய்யப் பல வருடப் பழக்கம் வேண்டும். அந்தப் பந்தை அருள் வந்து நகர்த்திவிட்டால், பையன் கேட்ட வெற்றி அவனுக்குக் கிடைக்கவில்லை. ஸ்கோர் மட்டுமே கிடைத்தது.

அதிர்ஷ்டம் மட்டும் உழைத்துச் சம்பாதித்ததா என்று கேட்கலாம். காற்று, ஈரத்தரை, முக்கிய ஆட்டக்காரனின் காயம் எல்லாம் முடிவைத் திருப்பத்தான் செய்கின்றன. ஆனால் காற்றுக்குக் கட்சி கிடையாது. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதால், முதல் பாதியில் ஒருவருக்கு உதவிய காற்று அடுத்த பாதியில் மற்றவருக்கு உதவ வாய்ப்புண்டு. வெற்றிக்காக வேண்டுபவரோ பக்கம் மாறாத காற்றைக் கேட்கிறார். இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: மனத்துணிவைக் கேட்பதும் கடவுளை ஆட்டத்துக்குள் இழுப்பதுதானே? இழுப்பதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் துணிவு இரு அணிக்கும் ஒருசேரக் கிடைக்கலாம். ஒருவன் பெற்றதால் மற்றவனுக்குக் குறையாது. அதை வைத்துப் பந்தை அடிக்க வேண்டியவனும் அவனேதான்.

பதினேழு வயதுப் பையன் மனசுக்குள் "ஜெயிக்க வையும் ஆண்டவரே" என்று சொன்னால் அதைக் குற்றமாக நான் பார்க்கமாட்டேன். இருக்கவேண்டிய ஆசையை அல்ல, உள்ளே இருக்கும் ஆசையைத்தான் கடவுள் முன் வைக்கவேண்டும் என்பது பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த சி. எஸ். லூயிஸின் நிலைப்பாடு, அது சரியென்றே படுகிறது. பள்ளியின் பெயரால் ஜெபிக்கும் குருவின் நிலை வேறு. அவர் வாயில் வருவது ஒரு பையனின் ஆசையல்ல, சபையின் குரல். அந்தச் சபையில் எதிர் அணியும் இருக்கிறது. ஆகவே அவர் சொல்லும் ஜெபம், அடுத்த அறையில் உடை மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் வந்து நின்று ஆமென் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.