முட்டுக் கொடுத்த பின்பே

இல்லம் விரிய வேண்டும் என்று விரும்பாதவர் எவர்? பிள்ளைகள் வளர்கின்றனர், உறவு பெருகுகிறது, கூடம் மட்டும் அன்றிருந்த அளவிலேயே இருக்கிறது. அப்போது கூடத்திற்கும் அடுத்த அறைக்கும் இடையே நிற்கும் சுவர் நம் கண்ணை உறுத்தத் தொடங்குகிறது. "இது எதற்கு? இடித்துவிட்டால் எவ்வளவு விசாலமாக இருக்கும்!" என்கிறோம்.

நமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் இப்பேச்சு எழுந்தது. மகளின் திருமணத்திற்கு முன் கூடத்தைப் பெரிதாக்க எண்ணினர். சுவரைப் பார்வையிட்ட முதிய மேஸ்திரி நம்மிடம் சொன்னார்: "சாமி, இது சும்மா நிற்கிற சுவர் இல்லை, சுமந்துகொண்டு நிற்கிற சுவர்." அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை.

வீட்டுச் சுவர்கள் இருவகை. அறையைப் பிரிப்பதற்கென்றே எழுப்பப்பட்டவை ஒருவகை. மேலுள்ள தளத்தைத் தாங்குபவை மற்றொரு வகை. பூச்சுப் பூசி வண்ணம் அடித்தபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 12 அடிக்கு 12 அடி அறையின் மேலுள்ள 5 அங்குலக் கான்கிரீட் தளம் மட்டுமே ஏறத்தாழ 4 டன் எடையுடையது. அதில் பாதி ஒரு பக்கச் சுவரிலும், மறுபாதி எதிர்ச் சுவரிலும் இறங்குவதாகக் கொள்வோம். அத்தகைய இரு அறைகளுக்கு நடுவில் நிற்கும் சுவர், இருபுறத்துப் பாதிகளையும் சேர்த்து 4 டன் சுமக்கிறது. மாடியில் நடமாடும் மனிதரும் தண்ணீர்த் தொட்டியும் இக்கணக்கில் சேரவில்லை. இத்தனையையும் அது ஒரு முனகலுமின்றிச் சுமப்பதால்தான், அது சுமக்கிறது என்பதே நமக்குத் தெரியாமற் போகிறது.

அப்படியானால் அச்சுவரை ஒருபோதும் தொடக்கூடாதா? தொடலாம். ஆனால் அதற்கோர் ஒழுங்கு உண்டு. முதலில் பொறியாளர் பாரத்தைக் கணக்கிடுகிறார். பின்னர்ச் சுவரின் இருபுறமும் இரும்பு ஜாக்கிகளை நிறுத்தித் தளத்திற்கு முட்டுக் கொடுக்கின்றனர். அதன் பிறகே சுவரில் சம்மட்டி விழலாம். சுவர் இருந்த இடத்தின் மேல்விளிம்பில் எஃகு உத்திரத்தை ஏற்றி, அதன் இரு முனைகளையும் உறுதியான கான்கிரீட் கட்டைகளின் மேல் அமர்த்துகின்றனர். உத்திரத்திற்கும் தளத்திற்கும் இடைப்பட்ட சந்தைக் கெட்டிச் சாந்தால் இறுக அடைத்து, அது இறுகிய பின்னரே முட்டுகளைத் தளர்த்துகின்றனர். இவ்வரிசையில் ஒன்று முன்பின்னாக மாறினும் உயிருக்கே ஆபத்து.

இங்கே நாம் கருத வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சுவர் போனபின்னும் பாரம் போவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. முன்பு 12 அடி நீளத்தில் பரவி இறங்கிய 4 டன், இப்போது இரு முனைகளில் இரண்டிரண்டு டன்னாகக் குவிகிறது. எனவே அம்முனைகளின் கீழுள்ள சுவரும் அடித்தளமும் புதிய சுமைக்குத் தகுந்தவைதாமா என்று பார்த்தாக வேண்டும். உத்திரம் முறியாதிருந்தால் மட்டும் போதாது; அளவுக்கு மீறி வளையவும் கூடாது. விரிசல் காணக்கூடிய பகுதிகளைத் தாங்கும் உத்திரம், தன் நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் வளையலாகாது என்று 2007ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி வரம்பிடுகிறது. 12 அடிக்கு அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான்.

இது கொத்தனாரின் கவலை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995 ஜூன் 29 அன்று சாம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் மாண்டனர். இருக்க வேண்டிய அளவைவிடத் தூண்களின் பருமன் குறைக்கப்பட்டிருந்தது. முதல் திட்டத்தில் இல்லாத ஐந்தாம் தளம் சேர்க்கப்பட்டிருந்தது. இம்மாற்றங்களுக்கு உடன்பட மறுத்த ஒப்பந்த நிறுவனம் விலக்கப்பட்டது. இடிந்த அன்று காலையிலேயே மேல்தளத்தில் விரிசல்கள் தென்பட்டன. ஆயினும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. தாங்குவது எது என்று அறியாமையால் நேர்ந்ததன்று அது. அறிந்தவர் சொல்லைத் தள்ளியதால் நேர்ந்தது.

நம் குடும்பங்களிலும் சுமந்துகொண்டு நிற்பவர் உண்டு. மேலே குறிப்பிட்ட வீட்டிலேயே, படுக்கையில் கிடந்த தாயைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வந்தவர் திருமணமாகாத மூத்த மகள். அவ்வாண்டு அவருக்கு வெளியூரில் மனத்திற்கு உகந்த பணியொன்று கிடைத்தது. "அக்கா போனால் அம்மாவின் கதி என்ன? போகவே கூடாது" என்றார் ஒரு தம்பி. "போகட்டும், எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மற்றவர்.

இருவர் சொல்லும் நமக்கு நெருடலாகவே இருந்தன. முதலாமவர் அக்காவைச் சுவராகவே கருதினார். சுவருக்கு வேறு வாழ்வில்லை, மனிதருக்கு உண்டு. தாங்குகிறார் என்பதற்காக ஒருவரை என்றைக்கும் தாங்கிக்கொண்டே இருக்கச் சொல்லுதல் அன்பாகாது, அநீதியாகும். இரண்டாமவரோ முட்டுக் கொடாமல் சுவரை இடிக்க முற்பட்டார். "எப்படியாவது" என்ற சொல்லுக்குள் ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார். பெரும்பாலும் அவர் வீட்டின் மருமகள். அவரை எவரும் கேட்கவுமில்லை.

நாம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டோம்: "இரவு இரண்டு மணிக்கு அம்மா அழைத்தால் எழுபவர் யார்?" நீண்ட மௌனத்திற்குப் பின்னரே உண்மையான பேச்சு தொடங்கியது. இன்னின்ன இரவு இன்னார், மருத்துவமனைக்கு இன்னார், பகலில் உதவிக்கு வரும் பெண்ணின் ஊதியம் இன்னார் பொறுப்பு என்று, மருமகளையும் உடன் அமர்த்திப் பேசி எழுதிக்கொண்டனர். அக்கா வீட்டிலிருக்கும்போதே ஒரு மாதம் அவ்வாறே நடத்தியும் பார்த்தனர். இருமுறை அது தடுமாறியது. தடுமாறிய இடத்தைத் திருத்திக்கொண்டபின் அவர் புறப்பட்டார்.

பழைய வழக்கத்தை மாற்றும்போதும், ஒருவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்போதும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இதுவரை இது எதைத் தாங்கியது? இனி அதைத் தாங்குவது யார்? அவரிடம் கேட்டோமா? விடை கிடைக்கும்வரை சம்மட்டியைக் கீழே வைத்திருப்போம். விடை கிடைத்தபின் அஞ்சாமல் இடிப்போம்.

அவ்வீட்டுக் கூடம் இன்று விசாலமாக இருக்கிறது. மேலே பூச்சுக்குள் மறைந்திருக்கும் உத்திரத்தை விருந்தினர் எவரும் காண்பதில்லை. ஆனால் அவ்வீட்டார் அறிவர்.