கட்டுபடியாகுமா?

சேலை பற்றி எழுதத்தான் இளம்பிள்ளைக்குப் போனேன். பேச்சு எப்படியோ குப்பைக்குத் திரும்பிவிட்டது. ‘குப்பைமேட்டு கேஸுல பஸ் ஓட்டலாம்ங்கறாங்களே, கட்டுபடியாகுங்களா?’ என்றார் விசைத்தறிக்காரர்.

நான் படித்தது பி.காம். இப்படி யாராவது கேட்டால் உடனே மனசுக்குள் பேரேடு திறந்துகொள்ளும்.

குப்பைமேட்டு வாயுவில் ஏறக்குறைய பாதிதான் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. வண்டிக்கு ஆக வேண்டுமென்றால் மீத்தேன் 90 சதவிகிதமாவது வேண்டும். குழாய் இறக்கி உறிஞ்சணும், கந்தகத்தை நீக்கணும், சுத்தம் பண்ணி அழுத்தி அடைக்கணும். எல்லாமே செலவு. மூடாமல் கிடக்கும் பழைய மேடு என்றால் வாயுவில் பெரும்பகுதி கைக்கே வராது. அந்தக் கணக்கில் நஷ்டம்தான்.

ஆனால், இளம்பிள்ளையிலிருந்து கொஞ்ச தூரத்தில், நாமக்கல் புதுச்சத்திரத்தில், கோழி எச்சம், கிழங்குத் திப்பி, சர்க்கரை ஆலைக் கழிவு இவற்றிலிருந்து வாகன எரிவாயு எடுக்கிறார்கள். 2020-லிருந்து சேலம், நாமக்கல் பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை, தினம் 550 டன் ஈரக்குப்பையிலிருந்து சுமார் 17 டன் எரிவாயு எடுக்கும் கணக்கில் கட்டப்பட்டது. நடத்தும் கம்பெனி, மாநகராட்சிக்கு வருஷம் 2.5 கோடி ரூபாய் தருவதாக ஒப்பந்தம். குப்பைக்கு நாம் காசு கொடுக்கவில்லை சார், அவன் கொடுக்கிறான்!

என்ன ரகசியம்? அங்கே ஈரக்குப்பை வீட்டு வாசலிலேயே பிரிந்து வருகிறது. அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் தறிக்காரர் சிரித்தார். ‘நாங்க கழிவு நூலையே பட்டு தனி, பாலியஸ்டர் தனின்னுதானுங்க போடறோம். கலந்துட்டா எவன் வாங்குவான்?’

யோசித்துப் பாருங்கள். சாம்பார் மீந்ததையும் பேட்டரியையும் ஒரே கவரில் முடிச்சுப் போடும்போது, அதைப் பிரிக்கிற கூலி காணாமல் போவதில்லை. நம் பற்றுக் கணக்கிலிருந்து துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு மாறுகிறது. அவரும் பிரிக்காவிட்டால், மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் மூச்சுக்கு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு நாள் கணக்கில் எரிந்து புகைந்ததே, அந்தச் செலவை எந்த நஷ்டக் கணக்கில் யார் எழுதினார்கள்? ‘பிரித்துக் கொடு’ என்று 2016-லேயே சட்ட விதி சொல்லிவிட்டது. கலந்து கொடுத்துவிட்டு ‘கட்டுபடியாகுமா’ என்று கேட்க நமக்கு என்ன பாத்தியதை?

‘அப்ப கலக்கறவன்கிட்டதானுங்களே காசு வாங்கணும்?’ என்றார் அவர், டீயை நீட்டியபடி. ‘உங்க வீட்டுல எத்தனை வாளிங்க?’

டீ சூடாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.