சும்மா உட்கார்ந்து சம்பளம்

அக்கா மகள் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வந்து ஆச்சி காலில், அதாவது என் அம்மா காலில், விழுந்தாள். எங்கள் வீட்டில் யார் விழுந்தாலும் என் அம்மா சொல்வது ஒன்றுதான்: "தொழில் நல்லா நடக்கட்டும்." அன்று வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆம்புலன்சில் போகிறவளுக்குத் தொழில் நன்றாக நடந்தால் ஊர் என்ன ஆவது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏளா, நீ வண்டியில சும்மா உக்காந்து சம்பளம் வாங்கணும்" என்று திருநீறு பூசினாள்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் வேறொரு உறுத்தல் இருந்தது. அத்தான் இரண்டு கிலோ அல்வா வாங்கி, தெருவுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றவில்லை, அதற்குள் என்ன விழா என்று நினைத்தேன். பாலம் எதுவும் கட்டாத என்ஜினியருக்கு பட்டம் வாங்கிய அன்றே ஃபிளெக்ஸ் வைத்த குடும்பம்தான் நாங்கள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சாப்பிட்ட பிறகு, அங்கே என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "பாதி, செய்யக் கூடாததை மாமா" என்றாள். வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, எத்தனை நிமிஷம் நீடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. விபத்தில் பலர் அடிபட்டுக் கிடந்தால் கத்துகிறவனிடம் முதலில் ஓடக் கூடாது. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடம் எனக்கு இரண்டு நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் நான் நேர்மாறாகத்தான் வாழ்ந்திருக்கிறேன்.

பயிற்சியில் நெஞ்சை அழுத்திப் பழக ஒரு பொம்மை உண்டு. 1960இல் நார்வேயின் பொம்மை வியாபாரி ஓஸ்முண்ட் லார்டால் செய்தது. பாரிசில் சேன் ஆற்றில் மூழ்கிப்போன, பெயர் தெரியாத ஒரு பெண்ணுடையது என்று சொல்லப்படும் முகத்தைத்தான் அதற்கு வைத்தார். அந்தப் பொம்மைக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் ஒருவர் டாக்டர் பீட்டர் சாஃபர். 1966இல் அவருடைய மகளே ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உருவான ஓர் ஆம்புலன்ஸ் சேவைக்காக, வேலை இல்லாத கறுப்பின இளைஞர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். ஃப்ரீடம் ஹவுஸ் என்று பெயர். அதுவரை அந்த நகரத்தில் நோயாளியைத் தூக்கிப் போனது பெரும்பாலும் போலீஸ் வேன்; உள்ளே கூட உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. 1975இல் நகர நிர்வாகம் சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸை மூடினார்கள். வழிகாட்டிய அந்த இளைஞர்களில் பலர் மெல்ல ஓரங்கட்டப்பட்டார்கள்.

பிறகு இந்தக் கதையைப் படித்தபோதுதான் அத்தானின் அல்வா எனக்குப் புரிந்தது. இந்த வேலையில் கைதட்டு வாங்க வேறு நாள் கிடையாது. நோயாளிக்கு நினைவு இருக்காது. சொந்தக்காரர்கள் பதற்றத்தில் இருப்பார்கள், இவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பிழைத்தால் கைராசி டாக்டருக்குப் போகும், நேர்ச்சை அம்மனுக்குப் போகும். பிழைக்காவிட்டால் வண்டி லேட்டு என்பார்கள். வண்டியிலேயே பிறந்த பிள்ளைக்கு யாராவது இவள் பெயரை வைத்தால் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை ஒப்படைத்ததோடு அந்தக் கதையில் இவள் பங்கு முடிந்துவிடும். ஆள் என்ன ஆனார் என்பதுகூடப் பல நேரம் தெரியாமலே அடுத்த அழைப்புக்குத் திரும்ப வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு முன்கூட்டியே கொண்டாடிவிடுவதுதான் நியாயம்.

அன்று சாயங்காலம் ஆச்சி கேட்டாள் என்று அக்கா மகள் ஒரு தலையணையைத் தரையில் போட்டுச் செய்து காட்டினாள். முழங்கை மடங்காமல், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். ஆச்சியும் கையை வைத்துப் பார்த்தாள். "மாவு பிசையற மாதிரி இல்ல ஆச்சி, இன்னும் பலமா." பத்துத் தடவையில் ஆச்சிக்கு மூச்சு வாங்கியது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். அப்பா விழுந்தது 2004இல். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், விசிறினோம், சோடா வாங்க ஒருவனை ஓடவிட்டோம். வாடகை அம்பாசடர் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. நெஞ்சில் கைவைக்க வேண்டும் என்று அங்கே நின்ற பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

ஆச்சி தலையணையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்: "உங்க தாத்தாவுக்கு அன்னைக்கு இப்படிச் செஞ்சிருந்தா?"

பிழைச்சிருப்பார் என்று சொன்னால் அது எங்கள் எல்லோர் மேலும் விழும். விதி என்று சொல்லியிருந்தால் ஆச்சி ஏற்றுக்கொண்டிருப்பாள். நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் கொஞ்ச நேரம் ஆச்சியின் கையைப் பார்த்தாள்.

"தெரியாது ஆச்சி. வீட்டுல வச்சு இதயம் நின்னவங்கள்ல, எல்லா வசதியும் இருக்கற ஊர்லயே பத்துல ஒருத்தர்தான் பிழைக்காங்க."

"அந்த ஒருத்தருக்காகவா இவ்வளவு படிப்பு?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, ஆச்சியின் முழங்கையை நிமிர்த்தி மறுபடி தலையணை மேல் வைத்தாள்.