முத்திரையும் சாட்சியும்



நாம் குடியிருக்கும் தோ பாயோவுக்கு வியாபார உலகில் இரண்டு சிறப்புகள் உண்டு. விலைவாசி ஏறி ஏழை எளிய ஜனங்கள் திணறிய 1973ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 'வெல்கம்' என்னும் தன் முதல் பேரங்காடியை இங்கேதான் ஆரம்பித்தது. பிரதமர் லீ குவான் யூ அவர்களே வந்து திறந்து வைத்தார்கள். கொள்ளை லாபத்தைத் தடுத்து, அன்றாடச் சாமான்கள் நியாய விலைக்குக் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். 1983இல் இன்னொரு கூட்டுறவுச் சங்கத்தோடு இணைந்து அது 'ஃபேர்பிரைஸ்' ஆயிற்று.

மற்றொன்று, பிராடல் சாலையிலுள்ள முஹாஜிரீன் பள்ளிவாசல். 1975இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதிக்கு முஸ்லிம் தொழிலாளர்கள் மாதந்தோறும் 50 காசு கொடுத்து வந்தார்கள். அந்நிதியில் எழுந்த முதல் பள்ளி, 1977இல் திறக்கப்பட்ட இதுவே. அதன் பக்கத்துக் கட்டடத்தில்தான் இன்று முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் இருக்கிறது. 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருவது அம்மன்றமே.

இப்பொழுது பேரங்காடிகளில் ஒரு பொட்டலத்தை எடுத்தால் அதில் பல முத்திரைகளைக் காண்கிறோம். ஹலால் முத்திரை ஒன்று. சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பச்சை முத்திரை ஒன்று. காட்டை அழிக்காமல் எடுத்த செம்பனை எண்ணெய் என்று சொல்லும் முத்திரை ஒன்று. பெரிய கம்பெனிகள் 'சமூகப் பொறுப்பு' என்று ஆண்டறிக்கையும் வெளியிடுகின்றன. "இதெல்லாம் பெரிய முதலாளிகளின் விவகாரம், புளோக்கின் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் நமக்கென்ன?" என்று நம் சகோதரர்கள் கேட்கிறார்கள். அதற்கு மார்க்கம் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

முத்திரை என்பது என்ன? அது ஒரு சாட்சி. சரக்கு விளைந்த இடத்தை நாம் கண்டதில்லை, வாங்குகிறவரும் கண்டதில்லை. ஆகவே மூன்றாவது ஒருவர் போய்ப் பார்த்து, "நான் விசாரித்தேன்; இது இப்படித்தான்" என்று சொல்கிறார். விசாரியாமல் சொன்னால் அது பொய்ச் சாட்சி. பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களோடு சேர்த்து எண்ணியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

2015ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தை நாம் மறக்கவில்லை. சுமத்திராவிலும் களிமந்தானிலும் காடும் கரிநிலமும் எரிந்தன. செப்டம்பர் 25ஆம் தேதி இங்கே தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. ஏஷியா பல்ப் அண்டு பேப்பர் என்னும் காகிதக் குழுமத்திடம் அரசாங்கம் விளக்கம் கேட்டது. அக்குழுமத்தின் சரக்கை இங்கே விநியோகித்த கம்பெனிக்குப் பச்சை முத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அக்டோபரில் ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங், பிரைம் ஆகிய பேரங்காடிகள் அக்குழுமத்தின் காகிதச் சரக்குகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, நேற்றுக் கொடுத்த முத்திரை இன்றைக்கும் செல்லும் என்பதில்லை. சாட்சி சொன்னவர் தொடர்ந்து விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, முகம் துடைக்கும் காகிதம் விற்கிறவனுக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உண்டு. அந்தப் புகையைச் சுவாசித்தவை நம் பிள்ளைகளின் நெஞ்சுகளே அல்லவா?

திருமறை உணவைப் பற்றிப் பேசுமிடத்தில் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. தய்யிப் என்றால் நல்லது, தூயது. ஹலால் முத்திரை, பொருளில் என்ன சேர்ந்தது, அது எப்படித் தயாரானது என்பதற்குச் சாட்சி. கிட்டங்கியில் மூட்டை சுமந்தவனுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா என்பதற்கு அது சாட்சியல்ல. அந்தக் கணக்கை முத்திரை போடுகிறவர் தலையில் சுமத்த நமக்கு உரிமையில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைத்தலே குற்றம். காலாவதியாகும் தேதி நெருங்கிய பொட்டலத்தைப் பின்வரிசைக்குத் தள்ளாமல், தேதியைச் சொல்லி விலையைக் குறைத்து முன்னால் வைப்பதே இதன் இன்றைய பொருள்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று பங்காளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அச்சரக்கின் பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறும். அந்தத் தருமம், தமக்கு உரியதல்லாத பணத்தைக் கைகழுவியது. எடையில் குறைத்துச் சேர்த்ததில் ஒரு பங்கை ரமலானில் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டு 'சமூகப் பொறுப்பை நிறைவேற்றிவிட்டோம்' என்று சொல்வது வேறு விஷயம். கம்பெனியாயினும் தனி மனிதராயினும் இதில் பேதமில்லை. முதலில் தராசு நேராகட்டும், பிறகு தருமம்.

2023 ஜூலை 3 முதல் பேரங்காடிகள் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்டவர்களுக்கே அது பொருந்தும், நமக்கு இல்லை. ஆனால் வீண்விரயம் கூடாதென்ற கட்டளையில் விற்பனைத் தொகை வரம்பு எதுவும் இல்லையே! சட்டம் நம்மைக் கேட்காத இடத்தில் அல்லாஹ் கேட்பான்.

ஆகையால் சகோதரர்களே, நம்மால் முடிந்ததைச் செய்வோம். தராசில் சரிபார்ப்பு ஒட்டு இருக்கிறதா என்று பார்ப்போம். சான்றிதழ் இல்லாத பண்டத்தை, முஸ்லிம் கடை என்ற பெயரைக் காட்டி ஹலால் என்று அடித்துச் சொல்லாதிருப்போம். தெரியாததைத் தெரியாது என்போம். சரக்குப் போடுகிறவரிடம், இது எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். ஒரு கடைக்காரர் கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போகலாம்; சங்கத்தார் எல்லோரும் கேட்டால் பதில் கொண்டு வந்துதான் ஆக வேண்டும்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளியை எழுப்பிய நம் முன்னோர்களின் சரக்கில் எந்தச் சான்றிதழும் ஒட்டியிருக்கவில்லை. அவர்கள் வாய்ச்சொல்லை நம்பி ஜனங்கள் வாங்கினார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நம்மையும் நம் மக்களையும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.